ஈய எழுத்திலிருந்து இல்லத்து மேசைக்கு

இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களுக்கு முதற்கண் ஒரு செய்தி. இதன் பக்கங்களை இம்முறை எந்த அச்சகத்தாரும் கோக்கவில்லை. செம்பூரில் நம் இல்லத்தின் உணவு மேசை மீது, காலைச் சிற்றுண்டித் தட்டுகள் அகன்ற பிறகு, ஒரு பழைய கணிப்பொறியை வைத்துக்கொண்டு நாமே கோத்தோம். தாளில் பதித்தலும் மடித்தலும் தைத்தலும் அச்சகத்தாரின் பணி. எழுத்தை அடுக்கியது மட்டும் நம் பணி. அறுபதைக் கடந்தவர்கள் அரிச்சுவடி பயிலப் புகுந்தது போன்ற இம்முயற்சிக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் நம் சங்கத்தின் 1996ஆம் ஆண்டு மலர்.

நகரின் பெயர் 1995இல் மும்பை என மாறிய பின்னர், அப்பெயரை அட்டையில் தாங்கி வெளிவந்த நம் முதல் மலர் அது. தோல் பதனிடும் தொழிலுக்கென நெல்லைச் சீமையிலிருந்து தாராவியில் வந்திறங்கிய குடும்பங்களின் முதியோரையும், மாதுங்காவில் வாடகை அறைகளில் நால்வர் ஐவராய்த் தங்கி அலுவலகம் சென்று வந்த அந்நாளைய எழுத்தர்களையும் நேரில் கண்டு, அவர்கள் வாய்மொழியாகவே பல கட்டுரைகளை அதில் வெளியிட்டிருந்தோம். அன்று சொன்னவர்களுள் ஒருவரேனும் இன்று நம்மிடை இல்லை. சங்கத்தில் எஞ்சியிருந்த படிகள் அனைத்தும் தரைத்தளத்து அலமாரியில் இருந்தன. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாளை இந்நகரத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அலமாரி நீரில் மூழ்கிற்று. மொட்டை மாடியில் உலர்த்திய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன.

ஆயினும் அன்று நாம் பெரிதும் வருந்தவில்லை. அம்மலர் கணிப்பொறியில் கோக்கப்பட்டது. ஏழு பிளாப்பித் தட்டுகளில் அதன் உரை முழுவதும் நம் பொருளாளர் வீட்டுப் பரண் மேல் பத்திரமாக இருந்தது. ஈயம் போனாலும் மின்னணு காக்கும் என்று எண்ணியிருந்தோம். சில ஆண்டுகள் கழித்து, லாமிங்டன் ரோட்டில் பழைய கருவி வைத்திருந்த ஒரு கடைக்காரரிடம் கொடுத்து அவற்றைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. ஏழனுள் ஐந்து திறந்தன. திறந்த ஐந்திலும் ஒரு தமிழெழுத்தும் இல்லை. உரோமன் எழுத்துகளும், தலையில் புள்ளியும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், கேள்விக்குறிகளும் வரி வரியாக நின்றன. அன்று கோத்துக் கொடுத்த அச்சகம் மூடப்பட்டு நெடுநாளாயிற்று. அவர்கள் கையாண்ட எழுத்துருவும் அதனோடு போயிற்று.

நானூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான தமிழ் நூலை இன்றும் எடுத்துப் படிக்க இயல்கிறது. பத்தாண்டுக்கு முன் பதிந்து வைத்த நம் உரையைப் படிக்க இயலவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தோம். அது தமிழெழுத்து அச்சேறிய வரலாற்றினுள் நம்மை இழுத்துச் சென்றது.

அவ்வரலாற்றை நம்மவர் பலர் தரங்கம்பாடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ தொடங்குவர். உண்மையில் அது மேற்குக் கரையில், நமக்குத் தெற்கே ஓரிரவுப் பயணத் தொலைவில் உள்ள கோவாவில் தொடங்கிற்று. 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ச் சமய நூல் அச்சானது உண்டு. ஆனால் அதில் தமிழ்மொழி உரோமன் எழுத்தில் இருந்தது. 1556இல் அபிசீனியாவுக்கென்று அனுப்பப்பட்ட ஓர் அச்சுப்பொறி வழியில் கோவாவில் தங்கிவிட்டது. அங்கே 1577இல் ஜுவான் கொன்சால்வஸ் என்னும் சேசு சபைத் துறவி தமிழெழுத்துகளை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் மேலும் ஒரு தொகுதி எழுத்து வார்க்கப்பட்டது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், அண்டிரிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பாகிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களுடன் கொல்லத்தில் வெளிவந்தது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் என அறிஞர் கொள்வது அதனையே.

தரங்கம்பாடிக் கதை அதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. செருமனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழெழுத்துகள் அளவிற் பெரியனவாய் இருந்தன. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிடின் தாள் கட்டுப்படியாகாது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்க்க முற்பட்டனர். ஈயம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி எழுத்தாக்கினர் என்பர். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அவ்வாறு உருவாயிற்று. கிடைத்ததை உருக்கி எழுத்தாக்கும் இவ்வழக்கம் கணிப்பொறிக் காலத்திலும் நம்மவரை விட்டு நீங்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஈய எழுத்தை நூல்வழி அறிந்த நமக்கு, அதனைக் கைவழி அறிந்த ஒருவர் துணை வேண்டியிருந்தது. தாராவியில் வாழும் ஒரு பெரியவர் அத்துணையானார். இளமையில் திருநெல்வேலியில் தொழில் பயின்று, பின்னர் இந்நகரில் முப்பதாண்டுக்கு மேல் கல்யாணப் பத்திரிகையும் பாட நோட்டும் சுவரொட்டியும் கோத்தவர். அவர் சொல்லக் கேட்டதைச் சுருக்கி உரைப்போம். இடக்கையில் கம்பாசிங் ஸ்டிக். வலக்கை பெட்டியின் அறைகளிலே கண் பார்க்காமலே சென்று வரும். எழுத்து தலைகீழாக நிற்கும். அதனை அவ்வாறே படிக்கப் பழக வேண்டும். வரி நிரம்பாவிடில் சொற்களுக்கிடையே வெற்றுத் துண்டுகளைச் செருகி இறுக்க வேண்டும். புள்ளியெழுத்தில் வரி தொடங்கிவிட்டால் முதலாளி ஸ்டிக்கையே தட்டிவிடுவாராம். அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அவ்வவற்றின் அறையில் மீண்டும் போட்டாக வேண்டும். ஆகவே ஈயம் எந்த உரையையும் நினைவில் வைத்திருப்பதில்லை, தாள்தான் வைத்திருந்தது.

1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு, பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களை ஆணையாக ஏற்றது. துதிக்கை போல் வளைந்த கொம்புடன் நின்ற ணை, லை, ளை, னை ஆகியனவும், ணா, றா, னா வரிசையினவுமாகப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. “எங்க பெட்டியில ரொம்ப நாள் ரெண்டும் கெடந்திச்சி அய்யா. சின்னப் பையங்க புதுசை எடுப்பாங்க, என் கை பழசுக்குத்தான் போவும்” என்று பெரியவர் நகைத்தார்.

கோப்பு வேலையில் அவர் சொன்ன ஒரு சிறு செய்தியை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். “கொம்பை மொதல்ல எடுக்கணும், பெறவுதான் கானா, கடைசியிலே காலு.” ‘கொ’ என்னும் எழுத்தைப் பற்றிய சொல் இது. நாவில் ககரம் முதலிலும் ஒகரம் பின்னரும் பிறக்க, கையிலோ கொம்பு முதலில் வருகிறது. வாய் சொல்லும் வரிசை வேறு, கண் காணும் வரிசை வேறு. இவ்வேற்றுமை ஈயத்துக்குப் பொருட்டன்று. கணிப்பொறிக்கு அதுவே பெரும் வழக்காயிற்று.

கணிப்பொறி நம் நகருக்குப் புதிதன்று. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதற் பெருங்கணிப்பொறியாகிய டிஃப்ராக், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிற்று. 1962இல் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையிற் பிறந்தவர். எண்களைக் கூட்டிப் பெருக்கவே அது பிறந்தது. எழுத்தை அழகுறக் கோக்கும் எண்ணம் அக்காலத்தில் எவருக்கும் பெரிதாக எழவில்லை.

அவ்வெண்ணம் கடல் கடந்து ஒருவருக்கு எழுந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கனூத் என்னும் பேராசிரியர் கணிப்பொறி நிரலாக்கக் கலை பற்றிப் பல தொகுதிகள் கொண்ட நூலொன்றை எழுதி வந்தார். முதற் பதிப்பு ஈய எழுத்தில், மானோடைப் பொறியால் கோக்கப்பட்டு அழகுற அமைந்திருந்தது. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு 1977இல் மெய்ப்பு வந்தது. ஈயத்தைக் கைவிட்டு ஒளியச்சு முறைக்கு அச்சுலகம் மாறியிருந்த காலம் அது. அவ்வெழுத்துகளைக் கண்டு கனூத் மனம் சோர்ந்தார். பிறர் பதிப்பாளருக்குக் கடுங்கடிதம் எழுதியிருப்பர். இவரோ தம் நூலை நிறுத்தி வைத்துவிட்டு, எழுத்துக் கோக்கும் மென்பொருளை எழுதப் புகுந்தார். ஓராண்டில் முடியும் என்று கருதியது ஏறத்தாழப் பத்தாண்டைக் கொண்டது. டெக் என்பது அதன் பெயர். கலை என்றும் தொழில்திறன் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வேர் அது. எழுத்தின் வடிவத்தையே கணக்கால் வரைய மெட்டாஃபாண்ட் என்னும் இன்னொன்றையும் உடன் செய்தார். இரண்டையும் உலகுக்கு இலவசமாகவே அளித்தார். லெஸ்லி லாம்போர்ட் என்பவர் 1980களின் இடைப்பகுதியில் அதனை எளியோரும் கையாளத் தக்கதாக்கினார். அது லாடெக் எனப்படும்.

டெக் செய்வது யாது என்பதைத் தாராவிப் பெரியவரின் தொழில்மொழியிலேயே சொல்லிவிடலாம். ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஒரு பெட்டி. நீளம், உயரம், ஆழம் மட்டும் அதற்குத் தெரியும். சொற்களின் நடுவே உள்ள வெளியைக் கனூத் ‘பசை’ என்றழைத்தார். அது வேண்டுமளவு நீளும், ஓரளவு சுருங்கும். கைக்கோப்பாளர் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வார். முடிந்த வரி இறுகிவிட்டது, அதனைத் திரும்பப் பார்ப்பதில்லை. டெக் அவ்வாறன்று. பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி, எவ்விடங்களில் வரி முறித்தால் பத்தி முழுதும் இடைவெளி சீராக அமையும் என்று கணக்கிடுகிறது. பத்தாம் வரியின் நலத்துக்காக முதல் வரியையும் மாற்றும். கனூத்தும் மைக்கேல் பிளாஸ் என்பாரும் 1981இல் வெளியிட்ட முறை இது. பெரியவரிடம் இதனை விளக்கியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “எங்களுக்கு அவ்வளவு நேரம் யாரு குடுத்தா?” என்றார்.

ஒரு வேடிக்கையையும் ஈண்டுக் குறிப்போம். பிற மென்பொருள்கள் ஒன்று, இரண்டு, மூன்று எனப் பதிப்பெண் கொள்ள, டெக் மூன்றாம் பதிப்போடு நின்று, ஒவ்வொரு திருத்தத்துக்கும் வட்டக்கணக்கின் பை என்னும் எண்ணில் ஓரிலக்கம் கூட்டிக்கொள்கிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தம் மறைவுக்குப் பின் பதிப்பெண் பை என்றே நிலைபெறும் என்றும், அதன்பின் எஞ்சும் பிழை எதுவும் பிழையன்று, இயல்பே என்றும் கனூத் எழுதி வைத்துள்ளார்.

இத்தகைய கருவி தமிழுக்கு எப்போது வந்தது? 1990ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே என்பவர் டெக்கில் கையாளத் தக்க தமிழெழுத்துத் தொகுதியொன்றை உருவாக்கினார். தமிழை உரோமன் எழுத்தால் பதிந்து, இடையில் ஒரு சிறு நிரலால் மாற்றிக் கோக்கும் காலம் அது. லிஸ்பன் நூலின் நினைவு வருகிறதன்றோ! இதற்கிடையே வீட்டுக் கணிப்பொறிகளில் தமிழ் பல கிளைகளாய் முளைத்திருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். கனடாவில் ஸ்ரீநிவாசன் ஆதமியை அளித்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை வழங்கியதோடு, 1998இல் மதுரைத் திட்டத்தையும் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றுவித்தார். தமிழகத்திலிருந்து தொலைவில் வாழ்வோர்க்கே தமிழெழுத்தின் தவிப்பு மிகுதி என்பது நம் கருத்து. அயலூர்க் காலனியில் பிள்ளைகளை வளர்த்த எவரும் இதனை மறுக்கார்.

இவர்கள் அனைவரும் தரங்கம்பாடியார் செய்ததையே செய்தனர். கணிப்பொறிக்குள் அன்று 256 அறைகளே இருந்தன. அவற்றுள் பாதி ஆங்கிலத்துக்கு உரியன. எஞ்சிய அறைகளில் ஐரோப்பிய எழுத்துகள் இருந்த இடத்தை உருக்கித் தமிழெழுத்தை வார்த்தனர். அதில் குற்றமில்லை; வேறு வழியும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அறையில் வைத்தனர். ஒருவர் ககரம் வைத்த அறையில் இன்னொருவர் ணகரம் வைத்தார். வணிக அச்சகங்கள் வாங்கிய எழுத்துருக்களோ இன்னும் தனித்தனி வழியில் சென்றன. ஈயம் உரையை நினைவில் வைப்பதில்லை என்றோம். இப்புதிய முறையில் கணிப்பொறி அறையெண்ணை மட்டும் நினைவில் வைத்தது. அவ்வறையில் எந்த எழுத்து இருந்தது என்பதை எழுத்துரு மட்டுமே அறியும். எழுத்துரு மறைந்தால் உரை ஊமையாகும். நம் 1996ஆம் ஆண்டு மலருக்கு நேர்ந்தது இதுவே.

இக்குழப்பத்தை உணர்ந்தோர் 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடினர். சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறிமுறைகளும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. இணையத்தில் உலவிய தமிழன்பர்கள் திஸ்கி என்னும் முறையை வகுத்துக்கொண்டனர். இவற்றுக்கெல்லாம் மேலாக, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் தனியெண் தரும் ஒருங்குறி 1991 முதலே இருந்தது. தமிழுக்கும் அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. உயிர்மெய்கள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தராமல், அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்தெழுதும் அதன் முறை தமிழுக்கு ஏற்றதா என்று நெடிய வாதம் நடந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு, உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரும் டேஸ்16 முறையையும் ஏற்றது. அவ்வாதத்தில் நாம் புகவில்லை. நம் மலர் மீண்டும் ஊமையாகாதிருத்தல் ஒன்றே நம் கவலை. அக்கவலைக்கு ஒருங்குறியே மருந்தாயிற்று.

ஒருங்குறி எண்ணை வகுத்தது, வடிவம் வேண்டுமே! 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000இல்தான், வேறொன்றும் வாங்காமலே தமிழ் தெரியும் நிலை இல்லக் கணிப்பொறிக்கு வந்தது. அதனோடு வந்த தமிழ் எழுத்துருவின் பெயர் லதா. அதனை வரைவித்தவர் ரகுநாத் ஜோஷி (1936–2008). மராத்தியர், கையெழுத்துக் கலைஞர், பவாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் பேராசிரியராக இருந்தவர். ஜுகுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தோடு சேர்ந்து இந்திய எழுத்துகளுக்கெல்லாம் உழைத்தவர். தேவநாகரிக்கு உரிய மங்கள் எழுத்துருவும் அவருடையதே. உலகெங்கும் உள்ள தமிழர் தம் கணிப்பொறியில் பல்லாண்டு கண்ட தமிழ் முகத்தை ஒரு மும்பை மராத்தியர் வரைவித்தார் என்னும் செய்தியை நம் காலனிப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. லதாவின் அழகைப் பற்றி நமக்குச் சில குறைகள் உண்டு. சற்றுப் பருமன், புத்தகப் பக்கத்துக்கு ஒவ்வாது. அதனால் நன்றி குறைந்துவிடாது.

டெக்கும் ஒருங்குறியும் கைகோத்தது அதன் பின்னரே. 2004இல் ஜோனதன் கியூ என்பவர் சீடெக் என்னும் கிளையை வெளியிட்டார். 2006இல் விண்டோஸுக்கும் அது வந்தது. இதற்கு முன்பே, 2002இல், உலக டெக் பயனர் சங்கத்தின் ஆண்டு மாநாடு திருவனந்தபுரத்தில் நடந்தது. குமரி, நெல்லை அன்பர்களுக்கு அண்டையூர்தான். வெளிநாட்டு அறிவியல் ஏடுகளின் பக்கங்கள் பல அங்கும் சென்னையிலும் கோக்கப்பட்டுக் கப்பலேறாமலே கடல் கடக்கின்றன.

இனி நம் உணவு மேசைக்கு வருவோம். டெக் லைவ் என்னும் முழுத் தொகுதி பல கிகாபைட் அளவினது. இரவு படுக்கும்போது தொடங்கி விடியும்போது வந்து சேர்ந்தது. முதல் நாள், ஏட்டில் சொல்லியபடி தலைப்புக் கட்டளைகளை எழுதி, நடுவில் ‘வணக்கம்’ என்று பதிந்து ஓட்டினோம். வெள்ளைத் தாள் வந்தது. மீண்டும் ஓட்டினோம், மீண்டும் வெள்ளைத் தாள். கணிப்பொறியைக் குறை கூறிக்கொண்டிருந்த நம்மை, கல்லூரியிலிருந்து வந்த பேத்தி, “தாத்தா, தப்பு எங்கேன்னு அதுவே எழுதி வெச்சிருக்கே, நீங்க படிக்கவே இல்லையா?” என்றாள். உண்மைதான். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் டெக் ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. இன்ன எழுத்துருவில் இன்ன எழுத்து இல்லை என்று ‘வணக்கம்’ முழுவதையும் அதில் எழுத்தெழுத்தாய்க் குறித்து வைத்திருந்தது. கனூத் வரைந்த எழுத்துருவில் தமிழ் எங்ஙனம் இருக்கும்? சீடெக்கைக் கொண்டு, நோட்டோ செரிஃப் தமிழ் என்னும் இலவச எழுத்துருவின் பெயரைத் தந்தோம். எழுத்து வந்தது.

வந்ததே தவிர ஒழுங்காக வரவில்லை. ‘சொல்’ என்பதில் கொம்பும் காலும் சகரத்துக்குப் பின்னே புள்ளிவட்டம் ஒன்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்றன. தாராவிப் பெரியவர் அன்று வந்திருந்தார். திரையை உற்று நோக்கி, “இதுக்குக் கொம்பை மொதல்ல எடுக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கலையே” என்றார். அதுவே நோய், அதுவே மருந்தும். ஒருங்குறி, வாய் சொல்லும் வரிசையில் சகரத்தை முதலிலும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கிறது. அதனைக் கண் காணும் வரிசைக்கு மாற்றும் அறிவு எழுத்துருவுக்குள் உறங்குகிறது. எழுத்துருவின் பெயரை அடுத்து, எழுத்துமுறை தமிழ் என்று ஒரு குறிப்புத் தந்தால்தான் அது விழிக்கும். தந்தோம், கொம்பு தன் இடத்துக்குச் சென்றது. ஒற்றைச் சொல்லுக்கு மூன்று மாலைகள் செலவாயின.

அடுத்த தொல்லை நீண்ட சொற்கள். ‘கூட்டுறவுச்சங்கத்தினருக்கெல்லாம்’ என்பது போன்ற சொல் வரியிறுதியில் வந்தால் முறிக்க வழியின்றி ஓரத்தைத் தாண்டி நீண்டது. தமிழுக்குரிய முறிப்பு விதிகளும் தொகுதியிலேயே இருந்தன. மொழி தமிழ் என்று சொன்னதும் அவை வந்து சேர்ந்தன. அவ்விதிக் கோப்பைத் திறந்து பார்த்தோம். மிகச் சிறியது. புள்ளியெழுத்துக்கு முன் முறிக்காதே, பின் முறிக்கலாம் என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. பெரியவரின் பழைய முதலாளி ஸ்டிக்கைத் தட்டிக் கற்பித்த அதே விதி!

கோக்கக் கற்றபின் 1996ஆம் ஆண்டு மலரை எடுத்தோம். தாராவியில் ஒரு குடும்பத்தினர் வீட்டு மேல்தட்டில் ஒரு படி கிடைத்தது. அது ஓரங்களில் செல்லரித்து, எட்டுப் பக்க மடிப்புகளுள் இரண்டை இழந்திருந்தது. ஆயினும் அப்படியே நமக்குத் திறவுகோலாயிற்று. அச்சுப் பக்கத்தை ஒரு கையில் வைத்து, பிளாப்பியின் ஊமை உரையைத் திரையில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டோம். ‘மும்பை’ எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் ஒரே நான்கு குறிகள் நின்றன. முதலிரண்டும் மு, ம் என விளங்கின. மூன்றாவதைப் பகரமாகக் கொண்டு பிற சொற்களைப் படித்தால் பொருள் வரவில்லை. ஒரு வாரம் சென்று பெரியவரின் சொல் நினைவுக்கு வந்தது: கொம்பு முதலில்! மூன்றாவது ஐகாரக் குறி, நான்காவதே பகரம். அந்த அச்சகத்தின் எழுத்துரு, கைக்கோப்பாளரின் வரிசையையே கணிப்பொறிக்குள் பின்பற்றியிருந்தது. அதன்பின் பூட்டுத் திறந்தது. ஏறத்தாழ 150 குறிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினோம். பேத்தி அதனைச் சிறு நிரலாக்கி, கொம்புகளை வாய்வரிசைக்கு நகர்த்தினாள்.

அச்சுப் படியில் இல்லாத 17 முதல் 24 வரையான பக்கங்கள் அவ்வாறு மீண்டன. மாதுங்கா ரயில் நிலையத்தில் இறங்கி, மராத்தியும் இந்தியும் அறியாமல், நெற்றியில் திருநீறு பூசியவர் எவரேனும் வருகிறாரா என்று பிற்பகல் வரை காத்திருந்த ஒருவரின் கதை அப்பக்கங்களில் உள்ளது. அவர் பேரன் இன்று நம் செயற்குழுவில் இருக்கிறார். திரையில் அதனைப் படித்துவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிட்டார். மீண்ட பக்கங்கள் அனைத்தும் இம்மலரின் இறுதியில் பிற்சேர்க்கையாக அச்சாகியுள்ளன. ஒருங்குறியில் உள்ள கோப்பு மூன்று அன்பர்கள் இல்லத்திலும் வைக்கப்பட்டுள்ளது.

41 முதல் 48 வரையான பக்கங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அவை திறவாத இரண்டு தட்டுகளில் இருந்தன. அச்சுப் படியிலும் அம்மடிப்பு இல்லை. தாராவித் தோல் பதனிடும் தொழிலில் உழைத்த மூன்று தாய்மார்களின் உரை அதில் இருந்தது என்பது பொருளடக்கத்தால் தெரிகிறது. மலருக்குப் பச்சை நிற அட்டை. முகப்பில் சங்கக் கட்டடத்தின் கோட்டோவியம். அன்பர்கள் தம் பரணிலும் பெட்டியிலும் ஒருமுறை தேடிப் பார்த்து, படி இருப்பின், கிழிந்திருந்தாலும் சரி, சங்க அலுவலகத்தில் ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை கொண்டு வந்து காட்ட வேண்டுகிறோம். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.